கியர் கம்பியின் சாய்வு

குட்டையானவர்களை நினைத்துக் கார் செய்யும் பழக்கம் வெள்ளைக்காரர்களுக்குக் கிடையாது. அந்தச் சிவப்புக் காரில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தீர்களானால் நான் சொல்வது உங்களுக்கே புரியும், சேதுராமன் சார். கையும் காலும் நீண்டவனுக்கு அது செல்லப் பிராணி. மற்றவர்களுக்கு எட்டாத அலமாரி.

நேற்று நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். தோட்டத்துத் துரை சிறை முகாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, தன் காரை அடையாளம் காட்டிவிட்டு, கியர் கம்பியின் அடியில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று புகார் சொல்லியிருக்கிறார். அது யார் என்பது முதல் கேள்வி. ஆற்றுப் பாலத்தில் ஜப்பான் காவல்காரன் மேல் அப்பு வேண்டுமென்றுதான் காரை விட்டானா, அவன் பெயரைக் கல்லில் வெட்டிப் பாலத்தோரம் வைக்கலாமா என்பது இரண்டாவது. சண்டை முடிந்து வந்த வெள்ளைக்கார ராணுவ நிர்வாகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணிகளுக்குப் பஞ்சம். அதனால் இரண்டு விசாரணையும் உங்கள் மேஜைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஒரே உட்காரலில் முடித்துவிடலாம்.

கோப்பிக்கு நன்றி. சீனி போட்டிருக்கிறார்கள். சீனி என்று ஒன்று இருப்பதையே நான் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தேன்.

நான் துணிக்கடை காதர் மைதீனின் மகன் உமார். காஜா பெராங்கில் எங்கள் வீட்டைக் கேட்டால் யாரும் காட்டுவார்கள். ஜப்பான்காரன் வருவதற்கு முன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். குறைந்தபட்சம் வாப்பா அப்படி நம்பினார். நான் அங்கே செய்ததெல்லாம் ஆசிரியர்களைப் போல நடந்து காட்டுவதும், சுவர்ப் பத்திரிகையில் அவர்களைப் புகழ்ந்து எழுதுவதும்தான். நான் யாரைப் புகழ்ந்தேனோ அவர் மறுநாள் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றுவார். பிறகு கல்லூரி படைமுகாம் ஆயிற்று. கட்டடத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது. முன்பும் மணி அடித்தால் எல்லாரும் பயந்து ஓடினார்கள்.

என் மாமாவுக்கு ஒரு பஸ் பட்டறை இருந்தது. விடுமுறைக்கெல்லாம் அங்கே எண்ணெய்க் கையோடு திரிந்தவன் நான். அதுதான் சோறு போட்டது. சோறு என்பது பேச்சு வழக்கு, மரவள்ளிக் கிழங்கு. காஜா பெராங் சடக்கில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பட்டறையை ஜப்பான் போக்குவரத்துப் பிரிவு எடுத்துக்கொண்டது. தவுக்கே எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே நான் பழுது பார்ப்பவன், அப்பு ஓட்டுபவன். எங்களுக்கு மேலே குவாபாரா என்ற அதிகாரி. எங்களிடம் ஓடாத லாரிகள் சிலவும், ஓடுகிற கார் ஒன்றும் இருந்தன. ஓடுகிற கார், துரை விட்டுவிட்டு ஓடிய அந்தச் சிவப்பு இரண்டு சீட்டு வண்டி.

அப்புவை உங்களுக்குத் தெரியாது. கம்போங் செட்டியில் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் அவன் வீடு. தாய் தெய்வானை, அவன், அவ்வளவுதான் குடும்பம். கல்லூரியில் என் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன். நான் செய்யும் சேட்டைக்கு அவன் சிரித்து மாட்டிக்கொள்வான். அடி வாங்கும்போதும் சிரிப்பை நிறுத்த அவனுக்குத் தெரியாது. கம்போங் செட்டிக்காரர்கள் பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து கலந்தவர்கள், அவர்கள் வீட்டில் தமிழ் கிடையாது. சாமிக்குத் தமிழ், மற்ற எல்லாவற்றுக்கும் அவர்களுடைய மலாய். என்னோடு பழகி அரைகுறையாகத் தமிழ் பேசுவான். அவன் பேச்சை நான் தமிழாக்கித்தான் சொல்கிறேன், கல்லில் வெட்டும்போது நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

இப்போது கியர் கம்பி.

குவாபாரா குட்டையான மனிதர். அவருக்கு அந்தக் காரைத் தானே ஓட்டிப் பார்க்க ஆசை. உட்கார்ந்தால் கால் எட்டும், கை எட்டாது. கியர் கம்பியைப் பிடிக்க அவர் ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டியிருந்தது. மற்றவர்கள்தான் தனக்கு முன் குனிய வேண்டும் என்று நினைக்கிற ஒருவருக்கு அது சங்கடம். என்னைக் கூப்பிட்டு, கம்பியைக் காட்டி, பிறகு தன் வயிற்றைக் காட்டினார். எனக்குப் புரிந்தது.

அது பெரிய வேலை இல்லை. கம்பியின் அடியில் ஒரு பிடிப்பும், அதை இறுக்கும் ஒரு போல்ட்டும் இருக்கின்றன. போல்ட்டைத் தளர்த்தினால் கம்பியை வேண்டிய பக்கம் சாய்த்து மறுபடி இறுக்கலாம். உள்ளே இருக்கும் பல் சக்கரங்களுக்கு எதுவும் தெரியாது. தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொள்வதைப் போல. தலை அங்கேயேதான் இருக்கிறது. பழைய நிலை கெட்டுவிடக் கூடாதே என்று அரத்தால் ஒரு கோடு போட்டு வைத்தேன். புதிய நிலைக்கு இன்னொரு கோடு. துரை பார்த்தது அந்தக் கோடுகளைத்தான். நாச வேலை செய்கிறவன் கோடு போட்டு வைக்க மாட்டான், அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இதனால் மாறியது ஒன்றே ஒன்று. முன்பு கம்பி நிமிர்ந்து நின்றால் பிரீ கியர். எஞ்சின் ஓடும், சக்கரம் ஓடாது. சீட்டுப் பக்கம் இழுத்தால் இரண்டாவது கியர். நான் சாய்த்த பிறகு, கம்பி சீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்பதே பிரீ கியர். இரண்டாவதுக்கு இன்னும் இழுக்க வேண்டும், சீட்டை இடிக்கிற அளவுக்கு. குவாபாரா ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். அப்பு ஒரு வாரம் திணறினான், பிறகு பழகிக்கொண்டான்.

அப்பு எதையும் பழகிக்கொள்வான், ஒன்றைத் தவிர. பாலத்துக் காவல்காரன்.

அந்த இடம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். வண்டியில் வருபவர்கள் நிறுத்தி, இறங்கி, இடுப்பு வரை குனிந்து, அவன் தலையாட்டிய பிறகுதான் ஏற வேண்டும். மற்றக் காவல்காரர்கள் ஓரமாக நிற்பார்கள். இவன் தடுப்புக் கட்டைக்கு முன்னால் நடுச் சடக்கில் நிற்பான், துப்பாக்கி முனைக் கத்தியை நீட்டிக்கொண்டு. கார் அவன் முழங்காலுக்கு எவ்வளவு அருகில் வந்து நிற்கிறதோ அவ்வளவு அவனுக்குப் பெருமை. இறங்கத் தாமதித்தால் அறை. எங்கள் காரில் கை பிரேக்கின் கம்பிவடம் அறுந்து போய் மாற்றுக் கிடைக்கவில்லை. பெட்ரோல் கிடையாது, கித்தா ரப்பரிலிருந்து காய்ச்சி எடுத்த எண்ணெய்தான். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி உயிர் கொடுக்க அரை மணி நேரம் கைப்பிடி சுற்ற வேண்டும். அதனால் எஞ்சினை நிறுத்தாமல், அது அணைந்துவிடாதபடி கொஞ்சம் வேகமாகவே ஓடவிட்டு, பிரீ கியரில் போட்டு இறங்க வேண்டும். இத்தனையும் ஒரு கத்தி முனைக்கு முன்னால்.

ஒரு நாள் அப்பு தாமதித்தான். காவல்காரன் அவனை அறைந்த அறையில் காது ஒரு பக்கம் மந்தமாகிவிட்டது. அதன் பிறகு பாலத்தை நெருங்கும்போதெல்லாம் அவன் முகத்தில் ரத்தமே இருக்காது. கை மட்டும் தானாக வேலை செய்யும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். உடம்பில் மற்றதெல்லாம் ஓடிப் போய்விட்ட மாதிரியும், அந்தக் கை மட்டும் வேலைக்கு நின்ற மாதிரியும் இருக்கும்.

எனக்குப் பரிதாபமாக இருந்தது. பட்டறை முற்றத்தில் அவனுக்குப் பயிற்சி கொடுத்தேன். நான் துடைப்பக் கட்டையை நீட்டிக்கொண்டு காவல்காரனாக நிற்பேன். ஆசிரியர்களை நடித்துக் காட்டிய பழக்கம் வீண் போகவில்லை. அவன் காரை என் முழங்கால் வரை கொண்டு வந்து நிறுத்த வேண்டும்.

"மெதுவா லா, உமார். நீ நெசக் காவல்காரன விட மோசமா இருக்க."

"மோசமா இருந்தாத்தான் பழகும். கம்பியப் பார்க்காத. என் மூஞ்சியப் பாரு."

"ஒன் மூஞ்சியப் பார்த்தா சிரிப்பு வருது."

"அவன் மூஞ்சியப் பார்த்தா வராதுல்ல? கையால தேடு. சாஞ்சு நிக்குதா? நின்னா விட்டுடு, கால எடு, எறங்கு, குனி."

"சாஞ்சு நிக்குது. கால எடுத்தேன். எறங்கிட்டேன்." குனிந்தபடியே கேட்பான், "இன்னைக்கு அறை உண்டா, இல்லையா?"

"இன்னைக்கு மன்னிச்சேன். திரும்பப் போய் வா."

தினமும் செய்தோம். கடைசியில் அவன் கண்ணை மூடிக்கொண்டே செய்தான். கை போகும், கம்பி சீட்டை இடித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் முன்னே தள்ளும், சாய்ந்து நிற்கும் கம்பியைத் தொட்டுப் பார்க்கும், திருப்தியாகத் திரும்பும். உடனே கால் கிளட்சை விடும். தொடுவதற்கும் விடுவதற்கும் நடுவே யோசனைக்கு இடமே இல்லை. நான் வாழ்க்கையில் ஒருவனுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றைத்தான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சரிசெய்துவிட வேண்டும். நான் சொன்ன வரிசையும் நடந்த வரிசையும் ஒன்றல்ல. துடைப்பக் கட்டைக்கு முன்னால் சயாம் வந்துவிட்டது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் அது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் இலவசப் படம் என்று கூப்பிட்டு, ஆட்கள் உட்கார்ந்ததும் வாசலைச் சாத்தி லாரியில் ஏற்றினார்கள். படத்தைப் பாதியில் நிறுத்தியதுதான் அங்கே சிலருக்கு முதல் வருத்தமாம். பக்கத்துச் செங் ஊரிலிருந்து போன ஒருவன் திரும்பி வந்தான். சுப்பையன் என்று பெயர். வாப்பாவின் கடைக்கு வேட்டி எடுக்க வருபவன், வாயாடி. திரும்பி வந்தவன் பேசவில்லை. தன் வீட்டு வாசலில் குந்தி விரலால் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்தான். தோண்டாதே என்றால் நிறுத்துவான், நீங்கள் திரும்பியதும் தொடங்குவான். வாப்பா என்னை அழைத்துப் போய் அவனைக் காட்டியது ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது.

அடுத்த வாரம் குவாபாரா எங்கள் இருவரையும் நிறுத்திவைத்து ஒரு விரலைக் காட்டினார்.

"சத்து ஓராங். சயாம்."

ஒரு ஆள். அவருக்குத் தெரிந்த மலாயில் அதற்கு மேல் விளக்கம் கிடையாது. பிறகு அப்புவைக் காட்டிக் கைகளால் ஸ்டீயரிங் சுற்றிக் காட்டினார். ஓட்டுபவன் இங்கே வேண்டும். என்னைக் காட்டவே இல்லை. காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. மாதக் கடைசியில் எனக்கு ரயில்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அப்பு அழுதான். நான் அழவில்லை. எனக்கு அழுகை வராது, யோசனைதான் வரும். காட்டுக்குள் ஓடியிருக்கலாம்; வாப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கையை உடைத்துக்கொண்டிருக்கலாம், உடைந்த கையோடு போனவர்களையும் எனக்குத் தெரியும். அப்புவிடம் கேட்டிருக்கலாம், எனக்கும் ஓட்டத் தெரியும், நீ போகிறாயா என்று. அவன் போயிருப்பான். அதுதான் சிக்கல். ஒருவனுக்கு அப்படி ஒரு நன்றிக்கடன் பட்டுவிட்டு அவன் தாய் முகத்தில் எப்படி விழிப்பது? ஓட்டுபவன் இல்லாமல் போனால் அந்த இடத்துக்கு இருக்கிற ஒரே ஆள் நான். பழுது பார்க்கவும் ஓட்டவும் தெரிந்த ஒரே ஆளைச் சயாமுக்கு அனுப்ப மாட்டார்கள். கணக்குப் பாடத்தில் நான் சுமார்தான், இருந்தாலும் இது எனக்கு வந்துவிட்டது.

மறுநாளே துடைப்பக் கட்டையை எடுத்தேன்.

மாதக் கடைசி நெருங்கியது. ஒரு நாள் காலை, அப்பு வருவதற்கு முன், போல்ட்டைத் தளர்த்திக் கம்பியைத் துரையின் பழைய கோட்டில் நிறுத்தி இறுக்கினேன். காரணம் இல்லாமல் இல்லை. சாய்ந்த கம்பி தன் இடுப்பு வாளின் உறையில் இடிக்கிறது என்று குவாபாரா முன்பு ஒரு தடவை முனகியிருந்தார். ஒரு காரை அதன் சொந்தக்காரர் வைத்திருந்த நிலைக்கே கொண்டுவந்ததைக் குற்றம் என்று துரைகூடச் சொல்ல மாட்டார்.

அப்பு வந்ததும் சொன்னேன். மறைக்கவில்லை.

"கம்பிய மாத்திட்டேன். இனிமே நிமிர்ந்து நின்னாத்தான் பிரீ கியர். சாஞ்சா ரெண்டு."

"பழைய மாதிரியா?"

"பழைய மாதிரி."

"அலாமா, இப்பத்தான லா பழகினேன்." உட்கார்ந்து நிமிர்த்தியும் இழுத்தும் பார்த்தான். "சரி, சரி. நிமிர்ந்தா பிரீ. ஞாபகம் இருக்கு."

இன்னொரு தடவையும் சொன்னேன். முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டச் சொன்னேன். நன்றாகவே செய்தான். முற்றத்தில் யாரும் கத்தியை நீட்டவில்லை.

குவாபாராவின் அலுவலகம் பாலத்துக்கு அந்தப் பக்கம். காரை அங்கே கொண்டு வரச் சொல்லியிருந்தார். வழியில் ஏதாவது நின்றுபோனால் பார்க்க நானும் கூடப் போவது வழக்கம். அன்று மட்டும் போகாமல் இருந்தால் வித்தியாசமாகத் தெரியும். ஏறி உட்கார்ந்தேன். எனக்கு ஆபத்து இல்லை என்று நான் நினைத்ததாக எண்ணிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவனையும் குத்திவிட்டு யோசிக்கிறவர்கள் அவர்கள். அதையும் கணக்கில் வைத்துத்தான் ஏறினேன். ஒரு பக்கம் சயாம் இருக்கும்போது மற்றது சின்னதாகத் தெரியும்.

முதல் கியர், இரண்டு, மூன்று. அருமையாக ஓட்டினான். கோயிலைத் தாண்டும்போது வழக்கம்போல ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்தான். கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறைத்து இரண்டாவதுக்கு வந்தான். பாலம் தெரிந்தது. காவல்காரன் நடுச் சடக்குக்கு வந்து கத்தியை நீட்டினான். அப்புவின் பேச்சு நின்றது. முகம் வெளுத்தது. நான் கையைப் பார்த்தேன்.

கார் காவல்காரனின் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கை வந்தது. கம்பி இரண்டாவது கியரில் இருந்தது, அதாவது சீட்டுப் பக்கம் சாய்ந்து. கை தொட்டுப் பார்த்தது. சாய்ந்து நிற்கிறது. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. திருப்தியாகத் திரும்பியது.

நான் அதற்குள் என் பக்கம் இறங்கிக் குனிந்துவிட்டேன். இடுப்பு வரை குனிந்து நிற்பவனுக்குச் சக்கரத்தைத் தவிர எதுவும் தெரியாது. சக்கரம் ஒரு துள்ளுத் துள்ளியது.

காவல்காரனின் கால் காருக்கும் தடுப்புக் கட்டைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. எஞ்சின் அணைந்துவிட்டது. அவன் கத்திய சத்தத்தில் காவல் கூண்டிலிருந்து மற்றவர்கள் ஓடி வந்தார்கள். நான் நிமிரவில்லை. நிமிராததால்தான் தப்பினேன் என்று நினைக்கிறேன். குனிந்திருப்பவனிடம் அவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் என் வாயில் இடித்ததோடு விட்டுவிட்டான். அந்தப் பல்தான் இது, இங்கே இல்லாதது.

அப்புவைக் காரிலிருந்து இழுத்தார்கள். இழுக்கும்போது அவன் கியர் கம்பியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"உமார், மறந்துட்டேன் லா," என்றான்.

அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அது. அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

கெம்பெத்தாய் என்ற ஜப்பான் ராணுவப் போலீஸின் அலுவலகத்தில் எங்களைத் தனித்தனியாக வைத்தார்கள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பதற்குத் தேவதாஸ் என்று ஒருவர் இருந்தார், முன்பு கோர்ட்டில் அதே வேலை பார்த்தவர். நல்ல மனிதர். எனக்கு முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"தம்பி, அந்தப் பையன் தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்றான். கியர் கம்பிய மாத்தி வெச்சிருந்தாங்க, பழக்கத்துல மறந்துட்டேங்கிறான். நீதான் பட்டறை ஆளு. கம்பிய மாத்தினது உண்மையா? யோசிச்சுச் சொல்லு. தெரியாம நடந்ததுன்னா நாலு நாள் அடிச்சு விட்டுருவாங்க, காவல்காரனுக்குக் கால் மட்டும்தான ஒடைஞ்சிருக்கு. அந்தப் பையன் பிழைச்சுக்குவான்."

அவர் உதவி செய்யத்தான் அப்படிச் சொன்னார். யாருக்கு உதவி செய்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கம்பியை மாற்றியது உண்மை என்றால் அடுத்த கேள்வி, மாற்றியது யார் என்பது. அதற்கு ஒரே பதில்தான் உண்டு, அது அவர் முன்னால் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

கம்பியை யாரும் மாற்றவில்லை என்றேன். அவன் வேண்டுமென்றே விட்டான் என்றேன். அந்தக் காவல்காரன் அறைந்ததில் அவன் காது போயிற்று, ஒரு நாள் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான், நான் விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று இருந்துவிட்டேன் என்றேன். கட்டுரைப் பாடத்தில் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண். தேவதாஸ் தண்ணீர்க் குவளையை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு மொழிபெயர்த்தார். அவர் குரலில் கேட்டபோது எனக்கே நம்பும்படியாக இருந்தது.

அப்பு திரும்பி வரவில்லை. உடம்பையும் கொடுக்கவில்லை. நான் இரண்டு நாளில் வெளியே வந்தேன். குவாபாரா ஸ்டீயரிங்கை என்னிடம் ஒப்படைத்தார். சண்டை முடிகிற வரை அதை நான்தான் ஓட்டினேன். கொஞ்ச நாளில் அவர் மறுபடி தன் வயிற்றைக் காட்டினார். கம்பியை மறுபடி சாய்த்தேன்.

ஆக, முதல் கேள்விக்குப் பதில்: கம்பியில் கைவைத்தது நான். இரண்டாவதுக்குப் பதில்: அப்பு வேண்டுமென்று விடவில்லை. அந்த இடத்தில் ஒருநாளும் அவனுக்கு வீரம் வந்ததில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். கல் வைப்பது பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஜப்பான்காரன் கால் உடைந்ததற்கு ஒருவன் பெயரைத்தான் வெட்ட வேண்டும் என்றால், நியாயமாக அது யார் பெயர் என்று ராணுவ நிர்வாகம் ஒரு தடவை யோசிக்கலாம். நான் கேட்கவில்லை. யோசிக்கலாம் என்கிறேன்.

தெய்வானையம்மாளைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவர் என்னைப் பார்த்தால் கன்னத்தைத் தடவுவார். போன வாரம்கூட வீட்டுக்குள் கூப்பிட்டு, வற்புறுத்திச் சாப்பிடவைத்தார். "அவன் கூட கடைசி வரைக்கும் நீதான் இருந்த," என்று அவர்களுடைய மலாயில் சொன்னார். இருந்தேன், மறுக்க முடியுமா?

கடைத்தெருவில் எல்லாரும் சொல்லும் அந்தச் சிரிப்பைப் பற்றியும் இப்போது கேட்கிறீர்கள். உண்மைதான். கடைத்தெரு முழுக்க அப்பு சிரித்துக்கொண்டேதான் காரை ஓட்டி வந்தான். கடைகளுக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். சாகப் போகிறவன் அப்படிச் சிரிக்க வேண்டுமானால் அவன் முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும் என்பது கம்போங் செட்டியின் வாதம். நல்ல வாதம். நான் அதை மறுக்காமலே விட்டுவிட்டுப் போயிருப்பேன். நீங்கள் நேராகக் கேட்பதால் சொல்கிறேன்.

அன்று காலை பட்டறைக்கு வருவதற்கு முன் அவன் குவாபாராவின் வீட்டுக்குப் போயிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். வாசலில் மண்டியிட்டு, உமாரை அனுப்ப வேண்டாம், என்னை அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறான். குவாபாரா சிரித்துவிட்டு, பாஷை தெரிந்த தன் வேலையாள் மூலம், லாரிகளையெல்லாம் ஓடவைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்திருக்கிறது, பட்டறையிலிருந்து யாரும் சயாம் போக வேண்டாம் என்றாராம். இதை அவன் முற்றத்திலேயே சொல்லியிருக்கலாம். விளையாட்டுப் புத்தி, என்னை ஓரமாக உட்காரவைத்து, கார் கிளம்பி, கோயிலைத் தாண்டி, கடைத்தெருவுக்குள் நுழைந்த பிறகு சொன்னான்.

"நீ போக வேணாம் லா. ரெண்டு பேருமே இங்கதான். என்ன, ஒண்ணும் பேச மாட்டேங்கிற?"

என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். தோளில் இடித்தான். அங்கிருந்து பாலம் வரை கடைத்தெரு முழுவதும் இருந்தது. கம்பி நிமிர்ந்தால்தான் பிரீ என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஞாபகம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கார் நின்றதும் கையை நீட்டி நானே கம்பியை நிமிர்த்தியிருக்கலாம், பக்கத்தில்தான் இருந்தது.

ஆனால் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான், சார். சந்தோஷமாக இருக்கிறவனிடம் வேலைப் பேச்சை எடுத்து அவன் மனத்தைக் கெடுப்பது எனக்குப் பிடிக்காது.